பெயர் தேடும் வரலாறு: உலகப்போர்களில் மடிந்த இந்தியப் படையினர் பற்றிய ஆவணங்கள்

முன்னுரை

போரில் மடிந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் ஊரின் நினைவில் நிறுத்துவது தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியப் புறத்திணையியல் இவ்வழக்கத்தைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாக வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள், சங்கப் பாடல்கள் சுட்டும் அவ்வழக்கத்திற்குக் கல்வெட்டுச் சான்றாக அமைந்தன.

இம்மரபுக்கு உரிய மண்ணிலிருந்தும், இந்தியத் துணைக்கண்டத்தின் பிற பகுதிகளிலிருந்தும் இரு உலகப்போர்களுக்குச் சென்று மடிந்தோர் ஏறத்தாழ 1,60,000 பேர். முதல் உலகப்போரில் 74,000 பேரும், இரண்டாம் உலகப்போரில் 87,000 பேரும் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்தம் வழித்தோன்றல்கள், தம் முன்னோர் எப்படைப்பிரிவில் பணியாற்றினர், எங்கு இறந்தனர், அவர் பெயர் எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா என இன்று தேடுகின்றனர். அத்தேடலுக்கு உதவும் ஆவணங்கள் யாவை, அவை எங்குள்ளன, சிலர் பெயர் பதிவாகிப் பலர் பெயர் விடுபட்டது எதனால் என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மதராஸ் மாகாணத்துப் படையினர் பற்றிய தேடலில் தமிழாய்வுக்குள்ள இடமும் இங்குச் சுட்டப்படுகிறது.

நடுகல்லும் ஊர்ப்பலகையும்

பல்லவர் கால நடுகற்களின் எழுத்துப் பொறிப்பு ஒரு குறிப்பிட்ட ஒழுங்கு உடையது. ஆளும் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். அடுத்து நாடும் ஊரும், பூசல் நேர்ந்த சூழலும், இறந்தவன் யாருடைய சேவகன் என்பதும், இறுதியில் அவன் பெயரும் அமையும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுதியில் இவ்வமைப்பைப் பரக்கக் காணலாம். காலம், இடம், நிகழ்வு, தலைவன், பெயர் ஆகிய ஐந்தும் ஒரே கல்லில் கிடைப்பதால் ஒரு தனிமனிதனின் இறப்பை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அடையாளம் காண முடிகிறது. எழுத்துப் பொறிப்பில்லாத நடுகற்களும் மிகுதியாக உள்ளன. ஆயின் அவையும் அவ்வூரார் வழிபாட்டின் வாயிலாக ஒரு பெயரோடு இணைந்தே நின்றன.

முதல் உலகப்போரின் முடிவில் பிரித்தானிய இந்திய அரசு, படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் சலவைக்கல் பலகைகளைப் பதித்தது. தமிழகத்திலும் வட இந்தியாவிலும் இவை பல ஊர்களில் இன்றும் உள்ளன. அவ்வூரிலிருந்து போருக்குச் சென்றவர் இத்தனை பேர், அவருள் உயிர்நீத்தோர் இத்தனை பேர் என்னும் இரு தொகைகளையே இவை பெரும்பாலும் தருகின்றன. இறந்தவர் பெயர் இல்லை. எழுத்தும் பெரும்பாலும் ஆங்கிலமே. நடுகல் ஒருவனைப் பெயர் சொல்லிச் சுட்ட, இப்பலகை ஊரைத் தொகையாக எண்ணுகிறது. ஓர் ஊரில் இருவர் இறந்தனர் என்பது தெரிகிறது. அவ்விருவர் யாவர் என்பது தெரியவில்லை. வழித்தோன்றல்களின் தேடல் இவ்விடைவெளியிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

எண்ணும் பெயரும்

போரில் இறந்தோரின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பேணுதற்கு 1917 மே 21 அன்று அரச சாசனத்தின்வழிப் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அமைக்கப்பட்டது. 1960 முதல் அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப் பெயர் பெற்றது. பதவி, குலம், சமயம் ஆகிய வேறுபாடின்றி ஒவ்வொருவரும் பெயரால் நினைவுகூரப்பெற வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. கல்லறை அறியப்படாதவர் பெயரைப் பொது நினைவுச்சின்னத்தில் பொறிப்பது முறை.

இக்கொள்கை எல்லாக் களங்களிலும் ஒருபடித்தாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. பிரான்சில் நூவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927இல் திறக்கப்பெற்ற நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர், பணியாளர் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. அதே போரில் மெசபொட்டேமியாவில் இறந்தோர்க்காக 1929இல் எழுப்பப்பெற்ற பாஸ்ரா நினைவுச்சின்னம் 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. அதில் ஆங்கிலேயப் படையினர் அனைவரும், இந்தியப் படையின் அதிகாரிகளும் பெயரால் பொறிக்கப்பட, இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழ் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். அவ்வாறு எண்ணாகியவர் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். ஐரோப்பியர் கண்ணில் படும் களத்தில் பெயரும், படாத களத்தில் எண்ணும் என அமைந்தது கருதத்தக்கது.

இவ்வேறுபாட்டை ஆணையமே பின்னர் ஆராய்ந்தது. அது அமைத்த தனிக்குழுவின் அறிக்கை 2021 ஏப்ரலில் வெளிவந்தது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும், அத்தொகை 3,50,000 வரை உயரக்கூடும் என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. ஆணையம் இதற்கு மன்னிப்புக் கோரியது. ஆகவே, ஒருவர் பெயர் நினைவுச்சின்னத்தில் காணப்படவில்லை என்பதால் அவர் போரில் இறக்கவில்லை என முடிவு செய்தல் பொருந்தாது.

தில்லி இந்தியா கேட் பற்றியும் ஒரு தெளிவு தேவை. லட்யன்ஸ் வடிவமைத்து 1931இல் திறக்கப்பெற்ற இச்சின்னம், முதல் உலகப்போரில் மடிந்த எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் அனைவர்க்கும் பொதுவானது. ஆயின் அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 13,000க்குச் சற்று மேற்பட்டவையே. அவை வடமேற்கு எல்லையிலும், 1919ஆம் ஆண்டின் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்தோர் பெயர்களைப் பெரும்பான்மையாகக் கொண்டவை. பிரான்சில் இறந்தவர் பெயரை அங்குத் தேடுவதால் பயனில்லை. இறந்த களம் எது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அக்களத்திற்குரிய சின்னத்தை நாடுவதே முறையாகும். எகிப்து, பாலத்தீனக் களங்களில் இறந்த இந்தியர் ஏறத்தாழ 4,000 பேர்க்குச் சூயசுக் கால்வாயின் தென்முனையில் தெவ்ஃபிக் துறைமுகத்தில் 1926இல் சின்னம் எழுப்பப்பட்டது. பிற்காலப் போரில் அது சிதைவுற்றமையால் 1980இல் கெய்ரோவின் ஹெலியோபொலிஸ் கல்லறைத் தோட்டத்தில் புதுச் சின்னம் அமைக்கப்பட்டது. இவ்வாறு இடம் மாறிய சின்னங்களும் உண்டு.

இந்துக்களும் சீக்கியரும் எரியூட்டப்பட்டமையால் அவர்க்குக் கல்லறை இராது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரை அடுத்த குன்றில், அங்குள்ள மருத்துவமனைகளில் இறந்த 53 இந்தியர் எரியூட்டப்பட்ட இடத்தில் சத்ரி என்னும் நினைவு மண்டபம் 1921இல் திறக்கப்பெற்றது. அவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட கல் அதனருகே நிறுவப்பட்டதோ 2010ஆம் ஆண்டிலேயாம். பெயர்ப்பட்டியல் ஆவணங்களில் இருந்தும் கல்லில் ஏற ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. பெயர் அழியவில்லை, எடுத்தாளப்படவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

மதராஸ் மாகாணத்தின் நிலை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைத்தலைமை போர்க்குலக் கொள்கையைக் கைக்கொண்டது. வடமேற்கு இந்தியரே போருக்குத் தக்கவர் என்னும் அக்கருத்தால் மதராஸ் காலாட்படைகள் பல கலைக்கப்பட்டன அல்லது பிற பகுதியினரைக் கொண்டு மாற்றியமைக்கப்பட்டன. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத்தலைவராகவும், அதன்பின் 1893 வரை இந்தியப் படைத்தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ் இக்கொள்கையின் முதன்மை ஆதரவாளர். எனினும் பாலம் அமைத்தல், பாதை அமைத்தல், அகழி வெட்டுதல் ஆகிய பணிகளுக்குரிய மதராஸ் சாப்பர்கள் எனப்படும் படைப்பிரிவும், பயனியர் படைகளும் நிலைபெற்றன. இவற்றில் பறையர், தமிழ்க் கிறித்தவர், தெலுங்கர், முசுலிம்கள் எனப் பல பிரிவினரும் பணியாற்றினர். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நிகழ்ந்த தோல்விப்போரில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61ஆம் பயனியர் படையும் பங்குகொண்டன.

1923இல் வெளிவந்த அரசுக் கணக்கின்படி, முதல் உலகப்போரின்போது மதராஸ் மாகாணத்திலிருந்து 51,000க்கு மேற்பட்ட போர்ப்படையினரும் 41,000க்கு மேற்பட்ட போரிடாப் பணியாளரும் சேர்க்கப்பட்டனர். பஞ்சாபில் போரிடாப் பணியாளர் தொகை மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. மதராஸில் அது பாதியை நெருங்குகிறது. சுமை தூக்குவோர், கோவேறு கழுதை ஓட்டுவோர், சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், தோட்டிகள் முதலியோர் இவ்வகையில் அடங்குவர். பதிவேடுகளில் மிகக் குறைந்த கவனம் பெற்றோரும் இவர்களே. தென்னிந்தியக் குடும்பங்களின் தேடல் கடினமாவதற்கு இது முதற் காரணம் எனலாம்.

ஆவணங்கள் உள்ள இடங்கள்

தேடல் வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. போர்ப்படையினர்க்கு வெள்ளியிலும், பணியாளர் படைகள் பலவற்றிற்கு வெண்கலத்திலும் ஒரே பதக்கம் வழங்கப்பட்டமையால், உலோகமே ஒருவர் பணியின் வகையைக் காட்டிவிடும். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படையினர்க்குப் பெயரின்றி வழங்கப்பட்ட பதக்கங்கள் இந்தியப் படையினர்க்குப் பெரும்பாலும் பெயர் பொறித்தே வழங்கப்பட்டன. முதற்போரில் இறந்தோரின் உறவினர்க்கு ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுள்ள வெண்கலத் தகடு ஒன்று அனுப்பப்பட்டது. இறப்பில் அனைவரும் சமம் என்னும் கருத்தால் அதில் பதவி குறிக்கப்படாமல் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டது. பழைய பெட்டிகளில் நாணயம் என்றோ பித்தளைத் தட்டு என்றோ கருதப்பட்டு இத்தகடு கிடப்பதுண்டு. குடும்ப ஓய்வூதியத் தாளும் எண், படைப்பிரிவு ஆகியவற்றை அறிய உதவும்.

அடுத்துப் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பட்டியல். 1998 முதல் இது இணையத்தில் யாவரும் தேடும் வகையில் உள்ளது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பணியின்போது இறந்தோர் இதில் அடங்குவர். களத்தில் நோயால் இறந்தவரும் இதற்கு உரியவர். இந்தியர் பலர் பதிவில் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை உடனிருப்பது குறிப்பிடத்தக்கது. பர்மாக் களத்தில் இறந்து கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தாவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்திலும், மலாயாவிலும் சிறைமுகாம்களிலும் இறந்தோர் உள்ளிட்ட 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பெற்ற கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளோடு, முதற்போர்க் காலத்தில் இறந்து பேணவியலாத இடங்களில் அடக்கம் செய்யப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோரின் பெயர் தாங்கிய சின்னமும் உள்ளது.

இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் படைத்துறைத் தொகுதிகள் விரிவாக உள்ளன. எனினும் ஆங்கில அதிகாரிகளைப் பற்றிக் கிடைக்கும் தனிநபர் செய்திகள் சிப்பாய்களைப் பற்றிக் கிடைப்பதில்லை. பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களின் மொழிபெயர்ப்புப் பகுதிகள் தணிக்கை அறிக்கைகளாக அங்கு எஞ்சியுள்ளன. கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள் ஒரு படைப்பிரிவு ஒவ்வொரு நாளும் எங்கிருந்தது என்பதைக் கூறும். சிப்பாய்களை அவை பெயரால் அரிதாகவே குறிப்பிடும். ஆயின் இறந்த நாள் தெரிந்தால், அந்நாளில் நிகழ்ந்ததை அவற்றின்வழி அறியலாம்.

இந்தியாவில் ஒவ்வொரு படைப்பிரிவிற்கும் தனிப் பதிவு அலுவலகம் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டிற்கு நீலகிரி வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரிலும் அவை உள்ளன. தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தின் படைத்துறைக் கோப்புகளும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளும் துணைச்சான்றுகளாகும். 1947இல் படை இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது சில படைப்பிரிவுகள் பாகிஸ்தானுக்குச் சென்றன. அவற்றின் வரலாறும் உடன் சென்றது.

பஞ்சாப் அரசு முதற்போரின் முடிவில் ஊர்வாரியாகத் தொகுத்த பதிவேடுகள் இங்கு ஒப்பிடத்தக்கன. ஏறத்தாழ 26,000 பக்கங்களில் 3,20,000 படையினரைப் பற்றிய குறிப்புகளைக் கொண்ட அவை லாகூர் அருங்காட்சியகத்தில் பயன்பாடின்றிக் கிடந்தன. அவற்றின் ஒரு பகுதி, ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களுக்குரியது, எண்மப்படுத்தப்பட்டு 2021 நவம்பரில் வெளியிடப்பட்டது. எல்லையின் இருபுறத்துக் குடும்பங்களும் தம் ஊரின் பெயரைக் கொண்டே முன்னோரைக் கண்டறிய அது வழிசெய்தது.

பெயரெழுத்தும் ஊர்ப்பெயரும்

தமிழர் பெயரைப் பதிவேடுகளில் தேடுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் எழுத்துப்பெயர்ப்பு. பெயரைக் காதால் கேட்டு உரோமன் எழுத்தில் எழுதியவர் தமிழறியாத எழுத்தர். முனுசாமி, முனிசாமி, முனியசாமி ஆகிய பெயர்கள் ஒன்றாகவும், ஒரே பெயர் இரு பதிவேடுகளில் இருவேறாகவும் அமைதல் இயல்பு. ழகரம் லகரமாகவோ ரகரமாகவோ மாறியிருக்கும். வல்லின எழுத்துகளுக்கு ஒலிப்புடையதும் ஒலிப்பற்றதுமாக இரு வடிவம் வரும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து மடிந்து, ஜார்ஜ் சிலுவை பெற்ற மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன் பெயரும் னகர ஈறாகவும் மகர ஈறாகவும் பலவாறு எழுதப்பட்டு வருகிறது. புகழ்பெற்ற பெயருக்கே இந்நிலை எனின் ஏனையோர் பெயர் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

குடும்பப்பெயர் என ஒன்றைக் கொள்ளும் பட்டியல் முறைக்குத் தமிழ்ப் பெயரமைப்பு பொருந்துவதில்லை. தந்தை பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும். சில பதிவுகளில் சாதிப்பெயரே குடும்பப்பெயராகக் கொள்ளப்பட்டிருக்கும். மேலும் ‘மதராஸி’ என்னும் குறிப்பு தமிழரை மட்டும் சுட்டாது. தெலுங்கர், மலையாளிகள் முதலியோரையும் உள்ளடக்கும். ஆகவே பெயரை மட்டும் கொண்டு உறுதி செய்தல் பிழைக்கு இடமாகும். படையெண், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் ஒத்துவருதல் வேண்டும்.

ஊர்ப்பெயரும் அத்தகையதே. டின்னவெலி, டிரிச்சினாபொலி, டான்ஜோர், செங்கல்பட் என்பன எளிதில் அறியத்தக்கவை. சிற்றூர்ப் பெயர்களை அவ்வாறு அறிதல் அரிது. மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. முதற்போர்க் காலப் பதிவில் சேலம் மாவட்டம் என்றிருப்பின், அவ்வூர் இன்று சேலத்தில் மட்டுமன்றி, 1965இல் பிரிந்த தருமபுரியிலோ, 1997இல் பிரிந்த நாமக்கல்லிலோ, 2004இல் தோன்றிய கிருஷ்ணகிரியிலோ இருக்கலாம். 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாயிற்று. வட ஆர்க்காடு 1989இலும், அதினின்று தோன்றிய வேலூர் 2019இலும் பிரிக்கப்பட்டன. பெயராய்வு, ஊர்ப்பெயராய்வு, ஒலியியல் ஆகிய துறைகளில் பயின்ற தமிழறிஞர் படைவரலாற்றுக்கு உதவக்கூடிய இடம் இதுவே.

பட்டியலுக்கு வெளியே நின்றோர்

போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பெல்லை பேரரசுப் படைகளில் இறந்தோரோடு முடிகிறது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து இம்பால் களத்திலும் பர்மாவிலும் மடிந்தோர் அதில் அடங்கார். மலாயாவின் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலர். பி. என். சோப்ரா பதிப்பித்த இந்தியத் தியாகியர் பற்றிய தொகுதிகளும், 2019இல் வெளியிடப்பட்ட இந்திய விடுதலைப் போராட்டத் தியாகியர் அகராதியும் இவர்களுள் ஒரு பகுதியினரின் பெயரைத் தருகின்றன. ஒரே ஊரிலிருந்து சென்று ஒரே போரில் மடிந்த இருவருள் ஒருவர் பெயர் ஆணையத்தின் பட்டியலிலும், மற்றவர் பெயர் தியாகியர் அகராதியிலும் இருத்தல் கூடும். இரண்டிலும் தேடுதல் வேண்டும்.

விடுதலைக்குப்பின் மடிந்தோர்க்குத் தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகம் உள்ளது. ஏறத்தாழ 26,000 பெயர்கள் அங்குக் கற்பலகைகளில் தனித்தனியே பொறிக்கப்பட்டன. பதவி வேறுபாடின்றி ஒவ்வொருவர்க்கும் ஒரு கல் என்னும் அம்முறை, உலகப்போர்க் காலச் சிப்பாய்க்குக் கிட்டவில்லை. அந்நியப் பேரரசின் படையில் இறந்தமையால் விடுதலை இயக்க வரலாறு அவனைத் தன்னவனாகக் கொள்ளவில்லை. இந்தியன் ஆதலால் பேரரசு அவனை எண்ணாகவே கொண்டது. அவன் குடும்பத்தின் நினைவு ஒன்றே இரண்டிற்கும் இடையில் எஞ்சியது. மூன்றாம் நான்காம் தலைமுறையில் அந்நினைவும் மங்கி வருகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், உலகப்போர்களில் மடிந்த இந்தியப் படையினர் பெயர்கள் பலவும் முற்றாக அழியவில்லை என்பதும், அவை பதக்க விளிம்பிலும், ஆணையப் பட்டியலிலும், படைப்பிரிவுப் பதிவேட்டிலும், எல்லைக்கு அப்பாலுள்ள காப்பகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன என்பதும் பெறப்படும். போரிடாப் பணியாளர் மிகுதியாகச் சென்ற மதராஸ் மாகாணத்திற்குப் பெயரிழப்பு கூடுதலாயிற்று என்பதும் புலனாகிறது. பஞ்சாபில் நிகழ்ந்தது போல ஊர்வாரித் தொகுப்பு ஒன்று தென்னிந்தியாவிற்கும் உருவாதல் வேண்டும். ஊர்ப்பலகைகளைக் கள ஆய்வில் பதிவு செய்தல், ஆணையப் பட்டியலில் உள்ள தென்னிந்தியப் பெயர்களையும் ஊர்களையும் தமிழில் மீட்டெழுதுதல், அவற்றைப் பலகைகளிலுள்ள தொகையோடு ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள். பலகை தரும் எண்ணுக்கு நிகராகப் பெயர்கள் கிடைக்குமாயின், அவ்வூர்க் கல் தன் நூற்றாண்டுக் குறை நீங்கி நடுகல்லின் இயல்பைப் பெறும்.